வாக்கியமா, திருக்கணிதமா? இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் சொல்கிறேன்

கேள்வி: "எங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், பெண் வீட்டில் திருக்கணிதம். குறித்த முகூர்த்த நேரத்தில் ஒன்று நவமி என்கிறது, மற்றது தசமி என்கிறது. எதைப் பார்ப்பது?"

கல்யாணம் உங்களுக்கா, தம்பிக்கா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் போன் போட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள் நீங்கள்தான் என்று கேள்வியைப் படித்ததும் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். என் விஷயம் கல்யாணம் இல்லை, சாவு. அதனால்தான் பொதுவாக இந்தத் தளத்தில் படித்துவிட்டுப் போகிறவள் இன்று எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஜோசியம் படித்தவள் இல்லை. கணக்கு எழுதும் வேலை. "இந்தக் காலத்திலும் பஞ்சாங்கமா" என்று கேட்க வருகிறவர்களும், "பெரியவர்கள் சொன்னதைக் கேள்வி கேட்க நீ யார்" என்று வருகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்களுக்கு வேண்டியதை முதலில் சொல்கிறேன். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அது எல்லா நாளும் ஒரே அளவாக இருக்காது. ஏறக்குறைய 20 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். இரண்டு பஞ்சாங்கமும் சண்டை போடுவது திதியோ நட்சத்திரமோ மாறுகிற அந்தச் சில மணி நேரத்தில்தான். நடுவில் இரண்டும் ஒரே பேச்சுத்தான் பேசும். ஆகவே நவமி முடிந்தும் முடியாமலும் இருக்கிற நேரத்தில் தாலி கட்டுவானேன்? திதியும் நட்சத்திரமும் இரண்டு பஞ்சாங்கத்திலும் நன்றாக உள்ளே போயிருக்கிற முகூர்த்தமாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் தேடினால் கிடைக்கும். மண்டபம் கிடைக்குமா என்பது வேறு கதை.

ஏன் இந்த வித்தியாசம் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பலர் "அது அப்படித்தான்" என்பார்கள். வாக்கியம் என்று பெயர் வந்ததே சந்திரன் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்ய வசதியாக வாக்கியங்களாகக் கட்டி வைத்ததால்தான். வரருசி பெயரில் சொல்லப்படும் சந்திர வாக்கியங்கள் மொத்தம் 248, நாளுக்கு ஒன்று. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எழுத்தையே எண்ணாக்கிப் பாட்டுப் போலச் சொல்லிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும். திருக்கணிதம் என்பது வானத்தில் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அந்த முறையில் பஞ்சாங்கம் போட்டார். 1874-ல் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போனதைப் பற்றி எளிய மக்களுக்குப் புரியும்படி சிறு புத்தகமும் எழுதியவர். அவர் காலத்திலிருந்தே இந்தச் சண்டை இருக்கிறது, உங்கள் சம்பந்தி வீட்டில் தொடங்கியது இல்லை. சந்திரனில் மணிக்கணக்கில் வரும் வித்தியாசம் சனியில் மாதக்கணக்கில் வரும். திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரி 17-ல் கும்பத்துக்கு வந்துவிட்டார். வாக்கியப்படி திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்தது அதே வருஷம் டிசம்பர் 20. பதினோரு மாதம்! அதற்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. கூட்டம் இரண்டு தடவை போனது, அவ்வளவுதான்.

சரி, என் கதை.

அம்மா என்னோடுதான் இருந்தாள். திருச்சியில் வாடகை வீடு, மாடிப் போர்ஷன், ஒரு ஹால், ஒரு படுக்கையறை. பக்கவாதம் வந்து இரண்டரை வருஷம் படுத்த படுக்கை. அந்தப் படுக்கையறை அம்மாவுக்கு. நானும் கணவரும் பையனும் ஹாலில். அண்ணன் சென்னையில். தீபாவளிக்குப் புடவை வரும், மாசத்துக்கு ஒரு போன் வரும். அதற்கு மேல் எழுதினால் இந்தப் பதில் வேறெங்கோ போய்விடும்.

ஒரு சனிக்கிழமை விடிகாலை அம்மாவின் மூச்சு நின்றது. பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், 4.50. ஏன் பார்த்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அப்பா போனபோது யாரோ மணி கேட்டது நினைவில் இருந்திருக்கலாம்.

அண்ணன் காரில் வந்து சேர மதியம் ஆயிற்று. மாலை போட்டார், அழுதார், நிஜமாகவே அழுதார். அப்புறம் போனை எடுத்து எதையோ பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்குப் போனாங்க?" என்றார். சொன்னேன். முகம் மாறிவிட்டது. "அவிட்டம் வந்துடுச்சே. அடைப்பு. ஆறு மாசம் ரூமைப் பூட்டணும்."

தெரியாதவர்களுக்கு: அவிட்டம் முதல் ரேவதி வரை உள்ள ஐந்து நட்சத்திரங்களில் உயிர் போனால் அதைத் தனிஷ்டா பஞ்சமி என்பார்கள். வீட்டை, இல்லாவிட்டால் அந்த அறையையாவது ஆறு மாதம் அடைத்து வைப்பது வழக்கம். ரோகிணி என்றால் நாலு மாதம், கார்த்திகை, உத்திரம் என்றால் மூன்று, இன்னும் சில நட்சத்திரங்களுக்கு இரண்டு. அந்தக் காலத்தில் சுவரை இடித்து அந்த வழியாக உடலை எடுத்தார்களாம். சொந்த வீடு, பின்கட்டு, தோட்டம் என்று இருந்தவர்களுக்கு ஒரு அறையைப் பூட்டுவது பெரிய காரியமில்லை. எனக்கு இருந்ததே ஒரு அறை. பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை மூன்று மாதத்தில்.

அண்ணன் போனில் இருந்தது திருக்கணிதம். அதன்படி திருவோணம் 3.52-க்கே முடிந்திருந்தது. யோசித்துப் பாருங்கள், நான் மட்டும் 3.30 என்று சொல்லியிருந்தால் பேச்சே இல்லை. பார்த்தவள் நான் ஒருத்தி. பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன்.

"சரியாப் பார்த்தியா? உன் கடிகாரம் சரியா ஓடுதா?" என்று மூன்று தடவை கேட்டார். இரண்டரை வருஷம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுத்தேன்.

பெரியப்பா அப்போது 83 வயது. லால்குடிப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்தவர், துணிப்பையிலிருந்து வாக்கியப் பஞ்சாங்கத்தை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல கிழமையைச் சரியாச் சொல்லுங்கப்பா. பொழுது விடியலையே, இன்னும் வெள்ளிக்கிழமைதான்" என்றார். பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. நள்ளிரவில் தேதி மாறுவது ஆங்கிலக் கணக்கு. இறப்புச் சான்றிதழில் சனி, பெரியப்பா கணக்கில் வெள்ளி. அப்புறம் விரலை வைத்துப் படித்தார்: திருவோணம் 58 நாழிகை 50 விநாடி. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிஷம், ஒரு நாழிகைக்கு 60 விநாடி (இது கடிகார விநாடி இல்லை). ஆக மறுநாள் உதயத்துக்கு 28 நிமிஷம் முன்பு வரை திருவோணம். அன்று உதயம் 6.10. கழித்துப் பார்த்தால் 5.42.

"ஒங்கம்மா திருவோணத்துலதான் போயிருக்கா. அடைப்புக் கிடையாது. பெருமாள் நட்சத்திரம், ஆக வேண்டியதைப் பாருங்க."

அண்ணன் விடவில்லை. "பெரியப்பா, அது பழைய கணக்கு. இப்ப எல்லாரும் திருக்கணிதம்தான்." பெரியப்பா நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒம் பொண்ணு கல்யாணத்துக்கு எதுடா பாத்த?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஜோசியர் திருக்கணிதப்படி சொன்ன தேதியில் மண்டபம் கிடைக்கவில்லை. மண்டபம் காலியாக இருந்த நாளுக்கு வாக்கியத்தில் முகூர்த்தம் இருந்தது. அன்றைக்கு வாக்கியம் நல்ல கணக்காக இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள முடியாது. பெரியப்பா பஞ்சாங்கத்தில் அடைப்பு என்றும் அண்ணன் போனில் இல்லை என்றும் வந்திருந்தால் நான் அண்ணன் பக்கம் நின்றிருப்பேன், சந்தேகமே இல்லை. அறை வேண்டும் என்பதுதான் என் சாஸ்திரம். ஆனால் ஒன்று. அண்ணனுக்கு அந்த அறையால் எந்த நஷ்டமும் இல்லை. பூட்டுப் போடச் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாம். நம் வீடுகளில் எந்தப் பஞ்சாங்கம் என்று தீர்மானிக்கிறவர் பெரும்பாலும் அதனால் சிரமப்படப் போகாத ஆள்தான்.

பிற்பாடு இன்னொன்றும் தெரிந்தது. அவிட்டம் முழுவதற்கும் அடைப்பு இல்லை, பின்பாதிக்கு மட்டும்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதன்படி பார்த்தால் அண்ணனின் திருக்கணிதத்திலேயே 4.50 என்பது அவிட்டத்தின் முதல் பாதம். அன்று அவ்வளவு சத்தம் போட்டதே வீண். (அதெல்லாம் இல்லை, முழு அவிட்டமும்தான் என்பவர்கள் இருக்கலாம், உங்களோடு வாதாட நான் வரவில்லை.)

கீழே இருந்த வீட்டுக்காரர் காதில் "அடைப்பு" என்ற ஒரு சொல் மட்டும் விழுந்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வந்து, அறையைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்றார். பெரியப்பா பஞ்சாங்கத்தைப் படம் பிடித்துக் காட்டினேன். "எங்க வீட்ல திருக்கணிதம்மா" என்றார்! பரீட்சை முடிகிற வரை அவகாசம் வாங்கி, அப்புறம் காலி செய்தோம்.

இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். எட்டு வருஷம் இருந்த வீடு. எட்டு வருஷத்தில் அவர் ஒரு தடவை சுவருக்கு வெள்ளை அடித்துத் தரவில்லை. கூடத்துக்கு நாங்களேதான் அடித்துக்கொண்டோம். காலி செய்யும்போது அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை "பெயிண்டிங்" என்று பிடித்தார். அதோடு விட்டாரா, சாந்தி பூஜை செலவு என்று இன்னொரு 5,000. ரசீது கேட்டேன், சிரித்தார். நாங்கள் போன அடுத்த வாரமே வேறு ஆள் குடி வந்தாயிற்று, அதே பழைய சுவர், அதே அறை. ஆறு மாதமாவது, அடைப்பாவது. வாடகைக்கு இருப்பவர்கள் முதல் நாளே சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்ப்பதை விட அது முக்கியம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பஞ்சாங்கம் உசத்தி என்று இரண்டு வீட்டாரையும் பேச விடாதீர்கள், அது முடியாது. "இரண்டிலும் இடிக்காத நாளாகப் பாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். யாரும் தோற்றதாக இருக்காது. இந்தக் கல்யாணத்தோடு விட்டுவிடாமல், பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் எதில் எழுதுவது என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். நட்சத்திரம் மாறுகிற நேரத்தில் பிறந்துவிட்டால் இரண்டு வீட்டிலும் இரண்டு ஜாதகம் ஓடும், பிறகு அந்தப் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது மறுபடி இதே சண்டை.

நான் இன்றும் நாள் பார்க்கிறேன். காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் கண்ணில் படும், ராகு காலத்தில் முக்கியமான போன் செய்ய மாட்டேன். காலண்டரில் இருக்கும் ராகு காலமே உதயம் 6 மணி என்று வைத்து எட்டாகப் பிரித்த பொதுக் கணக்கு என்றும், ஜனவரியில் இங்கே விடிய ஆறரை ஆகிறது என்றும் தெரிந்தேதான் செய்கிறேன். பழக்கம்.

அம்மாவின் திதியை அண்ணன் சென்னையில் திருக்கணிதப்படி கொடுக்கிறார். நான் பெரியப்பா சொன்னபடி வாக்கியம் பார்த்து இங்கே படையல் போடுகிறேன். பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் வந்துவிடும். போன வருஷம் ஒரு நாள் தள்ளி வந்தது. அம்மாவுக்கு உளுந்து வடை என்றால் உயிர். அடுத்தடுத்து இரண்டு நாள்.