மிதந்த முட்டையும் நாலு சேவலும்

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கம் 35 நாட்டுக்கோழியும் 4 சேவலும் மேய்ச்சலில் வளர்க்கிறேன். முட்டையைக் கழுவித் துடைத்து வைத்திருந்து, வாரம் ஒருமுறை சந்தைக்குக் கொண்டுபோவேன். போன வாரம் வாங்கியவர் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். 11 முட்டை மிதந்ததும் கூமுட்டை என்று திருப்பிவிட்டார். இரண்டை உடைத்தேன், உள்ளே ரத்தக்கோடு. தீவனக் கடையில் ஒரு டானிக் கொடுக்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. கோழிக்குக் கொடுக்கும் டானிக், இட்டு முடித்த முட்டையை எப்படிக் காப்பாற்றும்? எதைக் கேட்டாலும் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவது அந்தக் கடைகளின் வழக்கம்.

மிதந்தாலே கூமுட்டை என்பதும் சரியில்லை. ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் வெளியேற, அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். புது முட்டை படுத்துக் கிடக்கும், நாளானது நிமிர்ந்து நிற்கும், ரொம்பப் பழையது மிதக்கும். ஆனால் ஒரே வாரத்தில் மிதக்காது. மேய்கிற கோழி வேலியோரப் புதரிலும் போரடியிலும் திருட்டுத்தனமாக முட்டையிடும். அப்படி எப்போதோ இட்டதைக் கண்டெடுத்துத் தட்டில் சேர்த்திருப்பீர்கள். எடுத்த அன்றே பென்சிலில் தேதி போடுங்கள். புதரில் கிடைத்தது சந்தைக்கு வேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த ரத்தக்கோடு. சித்திரை வெயிலில், சேவல் சேர்ந்து கருக்கூடிய முட்டை அடைக்கு வைக்காமலே வளர ஆரம்பித்துவிடும். விற்பதற்கு முட்டை வேண்டும் என்றால் சேவல் எதற்கு? சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். 'சேவல் சேராத முட்டையில் சத்தில்லை' என்பதும் வெறும் பேச்சு, சத்து இரண்டிலும் ஒன்றுதான். குஞ்சு பொரிக்க ஒரு சேவலையும் எட்டுப் பத்துப் பெட்டைகளையும் தனியே அடையுங்கள். மற்ற சேவல்களை விற்றுவிடுங்கள். முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டது இருந்தால் அதைத் தனியாகக் கட்டி வையுங்கள். பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்குக் கருக்கூடிய முட்டை வரும், பதறாதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் சிலந்தி போல நரம்பு தெரிந்தால் ஒதுக்குங்கள்.

கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். முட்டைமேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும், அப்புறம் கிருமிக்கு வாசல் திறந்த கதைதான். இளஞ்சூட்டு முட்டை குளிர்ந்த நீரில் பட்டால் உள்ளே சுருங்கி அழுக்குத் தண்ணீரையே இழுத்துக்கொள்ளும். அழுக்கிருந்தால் காய்ந்த தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். முட்டையிடும் கூடையில் கேழ்வரகுத் தாளை அடிக்கடி மாற்றினால் அந்த வேலையும் குறையும்.

வைப்பதற்கு, நிழலில் ஈர மணலில் பாதி புதைத்த மண்பானை. முட்டையின் அகன்ற முனை மேலே இருக்கட்டும், பானை வாயை ஈரத்துணியால் மூடுங்கள்.

மிதந்ததில் மீதி 9 முட்டையைக் குழி தோண்டிப் புதையுங்கள். கோழிக்கே உடைத்துப் போட்டுவிடாதீர்கள், ருசி கண்டால் கூடையிலேயே கொத்திக் குடிக்கும்.