ஜோடியாக ஒரு வருஷம் உலகம் சுற்ற: வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

மண்ணடிப் பக்கம் டிக்கெட், விசா வேலை பார்ப்பவன் நான். வேலையை விட்டுவிட்டு ஜோடியாகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப நினைப்பவர்கள் இப்போது நிறையவே கேட்கிறார்கள். "பாலி நல்லா இருக்குமா" ரகக் கேள்விகளை விட்டுவிட்டு, காரியத்துக்கு ஆகிறவற்றை எடுத்திருக்கிறேன்.

நவம்பரில் கிளம்பி, கிழக்குப் பக்கமாகவே போய், தாய்லாந்து, ஜப்பான், அமெரிக்கா, பெரு, ஐரோப்பா எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த நவம்பரில் வீடு திரும்பத் திட்டம். ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட் எடுத்துவிடலாமா? (ராயபுரம் தம்பதி)

எடுக்காதீர்கள். டிக்கெட்டில் குற்றம் இல்லை. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் போன்ற விமான நிறுவனக் கூட்டணிகள் விற்கும் அந்த டிக்கெட்டில் ஒரே திசையில் போக வேண்டும், ஒரு வருஷத்துக்குள் கிளம்பிய நாட்டுக்கே வந்து சேர வேண்டும். போன இடத்திலெல்லாம் முத்திரை குத்தி உள்ளே விடுகிற பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அது சௌகரியம். நம் பாஸ்போர்ட்டுக்கு வழியைத் தீர்மானிப்பது வரைபடம் இல்லை, விசா.

உங்கள் திட்டத்தையே பாருங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், அதுவும் நீங்கள் வசிக்கும் நாட்டிலிருந்து. நவம்பரில் கிளம்புகிறவர் ஆகஸ்ட்டில் பாரிஸ் போக வேண்டுமானால், சென்னையில் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது, சீக்கிரம் என்பார்கள். பிப்ரவரியில் பாங்காக்கில் போய் நின்றால், சுற்றுலா வந்தவரிடம் வாங்க மாட்டோம், ஊருக்குப் போங்கள் என்பார்கள். ஜப்பானும் அப்படித்தான். சாதாரண ஒருமுறை விசா என்றால், கொடுத்த 3 மாதத்துக்குள் உள்ளே நுழைந்தாக வேண்டும். அக்டோபரில் வாங்கிய விசா மார்ச் கடைசியில் செர்ரி பூக்கும்போது செல்லாது.

அதனால் வருஷத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தென்கிழக்கு ஆசியா. அப்போது தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா எல்லாம் மழையில்லாமல் இருக்கும். (மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளுக்கு மட்டும் அந்த நேரம் போகாதீர்கள், பருவமழையில் பெரும்பாலும் மூடிக் கிடக்கும்.) மார்ச்சில் வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டை ஷெங்கனுக்குக் கொடுங்கள். விசா வருகிறவரை பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்காது என்பதால் எப்படியும் எங்கும் போக முடியாது, அம்மா கையால் சாப்பிடலாம். மே தொடக்கத்திலிருந்து ஜூலைக் கடைசி வாரம் வரை ஐரோப்பா. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் அங்கே இருக்கலாம், கணக்கு தவறக் கூடாது. ஆகஸ்ட், செப்டம்பரில் பெரு. மச்சுபிச்சு பக்கம் அது மழையில்லாத காலம்.

நடுவில் ஊருக்கு வருவதை நிறையப் பேர் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அது புரிவதே இல்லை.

அமெரிக்கா பார்க்கும் ஆசை இல்லை. அந்த விசாவுக்கு ஏன் செலவு செய்யணும்? (பெரம்பூர்)

அமெரிக்காவுக்காக இல்லை, மற்ற நாடுகளுக்காக. செல்லுபடியாகும் அமெரிக்க விசா ஒட்டியிருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம், ஜார்ஜியாவுக்கு வேண்டாம், துருக்கிக்கு இ-விசா கிடைக்கும். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே விசா கேட்கும் நாடு அது, அதனால் தென் அமெரிக்காவுக்குப் போகும் வழியும் எளிதாகிவிடும். நமக்கு வழக்கமாக 10 வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். ஜெமினி பாலத்தடி அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்கக் காலம் எடுக்கும், ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் இதற்குப் பணம் கட்டுங்கள்.

ரெண்டு பேரும் வேலையை விடப் போகிறோம். ராஜினாமா கடிதம் எப்போ கொடுக்கிறது? (தண்டையார்பேட்டை)

முதலில் ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். கேட்டதற்காக யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். விசா அதிகாரி தேடுவது ஒரே விஷயம்தான்: இவர்கள் திரும்பி வருவார்களா? விடுப்புக் கடிதம் அதற்கு நல்ல பதில். அது இல்லையென்றால் வருமான வரிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், திருமணச் சான்றிதழ் இவற்றோடு, உள்ளதை உள்ளபடி சொல்லி ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். விட்ட வேலையில் இன்னும் இருப்பதாகக் கடிதம் தயார் செய்து தருகிறேன் என்று எவனாவது சொன்னால், அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மச்சானிடம் 5 லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவதும் வேண்டாம். பாஸ்புக்கில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பெயரைச் சேர்த்தே ஆகணுமா? (வியாசர்பாடி வாசகி)

கணவர் பெயரைச் சேர்க்கக் கட்டாயம் இல்லை, கல்யாணத்துக்காகப் பெயரை மாற்றவும் வேண்டாம். ஆனால் காலி சர்நேம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று அடித்துத் தருவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை விட மாட்டோம் என்றது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் சரி என்று அப்புறம் தளர்த்தினார்கள். அதற்குள் கவுன்டரில் நின்று கண்ணீர் விட்டவர்கள் உண்டு.

இனிஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு மறுபடி பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். விசா எதுவும் ஒட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். எடுப்பதுதான் எடுக்கிறீர்கள், 1,500 ரூபாய்க்கு 36 பக்கம் வாங்காமல் 2,000 ரூபாய்க்கு 60 பக்கம் வாங்குங்கள். திருமணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறீர்களா? 2009-ம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது கட்டாயம். விசாவுக்கு மண்டப போட்டோ செல்லாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே? (பழைய வண்ணாரப்பேட்டை)

உங்களுக்குப் பக்கத்திலேயே. ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகம், பீச் ஸ்டேஷனில் இறங்கினால் போதும். இல்லையென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். தேதியும் நேரமும் விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். போட்ட 10-வது நாளிலிருந்து சான்றிதழ் செல்லும், 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். பெரு, பிரேசில், கென்யா என்று போய்விட்டு அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால், 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, குழந்தை உண்டாகியிருந்தாலோ முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நகையை அடகு வைத்துப் போகலாமா? (கொடுங்கையூர்)

வேண்டாம். சம்பளம் நின்றுபோன வருஷத்தில் வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். சீட்டு எடுத்துப் போகலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எடுத்த சீட்டுக்கு மீதி மாதம் யார் கட்டுவது? திரும்பி வந்த பிறகு 6 மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதியில் எத்தனை மாதம் வருகிறதோ அத்தனை மாதம் போங்கள். எட்டு மாதம்தான் வருகிறதா? எட்டு மாதம் போங்கள்.

வெளிநாட்டு நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 அமெரிக்க டாலர் வரைதான் கொண்டு போகலாம், பாக்கி கார்டில். அங்கே ஏடிஎம் 'ரூபாயில் கணக்கிடவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் ரேட்டு.

வருடாந்தர டிராவல் இன்ஷூரன்ஸ் ஒன்று எடுத்தால் போதுமா? (எண்ணூர்)

போதாது. வருடாந்தர பாலிசி பலமுறை போய் வருகிறவர்களுக்கானது. ஒவ்வொரு பயணத்துக்கும் 30, 45, 60 நாள் என்று உச்சவரம்பு இருக்கும். உங்களுக்கு வேண்டியது நீண்ட ஒற்றைப் பயண பாலிசி. ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டுவதாக இருந்தால் ஆர்டிஓ-வில் சர்வதேச உரிமம் எடுங்கள். ஆனால் நமக்குக் கிடைப்பது 1949 ஜெனிவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான உரிமம், வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தை. அங்கே விழுந்தால் பாலிசி கைவிரிக்கும். பஸ்ஸில் போங்கள்.

இருபத்துநாலு மணி நேரமும் ஒன்றாக இருந்தால் சண்டை வராதா சார்? (திருவொற்றியூர்)

வரும். பெரும்பாலும் ஒரே நேரத்தில் வரும்: நைட் பஸ் விடியற்காலை 5 மணிக்கு இறக்கிவிடும், ரூம் மதியம் 2 மணிக்குத்தான் தருவார்கள். தூக்கம் இல்லை, பல் விளக்கவில்லை, ஆளுக்கு 12 கிலோ பை முதுகில். அந்த ஒன்பது மணி நேரத்தில் பேசிய பேச்சுதான் பிறகு ஊர் ஊராகக் கூடவே வரும். பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அங்கே கஞ்சத்தனம் செய்யாதீர்கள். முந்தின இரவுக்கும் சேர்த்து ரூம் போடுங்கள், இல்லையென்றால் பகல் பஸ் பிடியுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் கைச்செலவுப் பணம் கேள்வி கேட்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

மாமியார் கருவாடும் குருமா பொடியும் கட்டித் தருகிறார். எடுத்துப் போகலாமா? (காசிமேடு)

பொடியில் கசகசா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், விளையாட்டு இல்லை. கருவாட்டை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகும்போது அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள். பிடுங்கினால் கருவாடு மட்டும்தான் போகும். மறைத்து மாட்டினால் நியூசிலாந்தில் அங்கேயே அந்த நாட்டு டாலரில் 400 அபராதம்.

இங்கே இருக்கும் சிம்மை என்ன செய்வது? (புளியந்தோப்பு)

உயிரோடு வைத்திருங்கள். வங்கி ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். விமானம் ஏறுவதற்கு முன் ரோமிங்கை இயக்கிவிடுங்கள், வெளியே போய்ச் செய்வது பெரும்பாடு. ரீசார்ஜ் தேதியை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். இரண்டு பேரின் ஓடிபியும் ஒரே போனுக்கு வரும்படி வைக்காதீர்கள், அந்த போன் தொலைந்தால் இரண்டு பேருக்குமே பணம் எடுக்க முடியாது.