நன்றாக ஓடும் போனுக்கு அப்டேட் ஏன் நின்றுபோகிறது?

வாசகர் கேள்வி: 2021 இறுதியில் வாங்கிய என் ஆண்ட்ராய்டு போன் 11-ஆம் பதிப்புடன் வந்தது, 13 வரை அப்டேட் கிடைத்தது. 2024 ஜூனுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. பேட்டரி, கேமரா, வேகம் எதிலும் குறையில்லை. நிறுவனம் வேண்டுமென்றே நிறுத்திவிட்டதா? இதில் வங்கிச் செயலியும் யுபிஐயும் வைத்துக்கொள்ளலாமா, அல்லது புதிய போன் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் போனில் பழுது எதுவும் இல்லை. அதற்கு அப்டேட் தயாரித்துத் தர வேண்டியவர்கள் அந்த வேலையை நிறுத்திக்கொண்டதுதான் காரணம்.

கூகுள் புதிய ஆண்ட்ராய்டை வெளியிட்டால் அது நேராக நம் போனுக்கு வந்து சேரும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். கூகுள் வெளியிடுவது பொதுவான மூல நிரலை மட்டுமே. அதைக் குறிப்பிட்ட சிப்பில் ஓடும்படி குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் அமைத்துத் தர வேண்டும். அதன் மேல் போன் நிறுவனம் தன் அம்சங்களைச் சேர்த்து, கூகுளின் லட்சக்கணக்கான பொருத்தச் சோதனைகளில் தேற வேண்டும். இவர்களில் ஒருவர் விலகினாலும் அப்டேட் நின்றுவிடும். பெரும்பாலும் முதலில் விலகுவது சிப் நிறுவனமே.

மோடம் (செல்போன் கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் பகுதி), கிராபிக்ஸ், கேமரா ஆகியவற்றை இயக்கும் ‘டிரைவர்’ என்ற நிரல்களின் மூல நிரலைச் சிப் நிறுவனங்கள் பெரும்பாலும் முழுமையாக வெளியிடுவதில்லை. ஆண்ட்ராய்டின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலின் குறிப்பிட்ட ஒரு பதிப்போடு அவை பிணைந்திருப்பதால், கெர்னல் மாறினால் அவற்றையும் திருத்தியாக வேண்டும். சிப்புக்கான பணமோ விற்றபோதே வந்துவிட்டது. நான்கு ஆண்டு கழித்து அதே சிப்புக்கு உழைப்பதில் அவர்களுக்குப் புதிய வருமானம் பெரிதாக இல்லை. கூகுளின் பெயரிலேயே 2013-இல் வந்த நெக்சஸ் 5 போனும் ஆண்ட்ராய்டு 6-உடன் நின்றுபோனது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் பழைய போனில் புதிய பதிப்பு ஓடவே ஓடாதா என்று கேட்டால், ஓடும் என்பதற்கு நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபேர்போன் சான்று. அந்நிறுவனம் 2015-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேர்போன் 2-இல் ஸ்னாப்டிராகன் 801 சிப் இருந்தது. தொடக்கத்தில் அது ஆண்ட்ராய்டு 5-இல் ஓடியது. ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு அந்தச் சிப்புக்குக் குவால்காம் ஆதரவு தரவில்லை. ஆனாலும் மிகச் சிறிய அந்த நிறுவனம், தன்னார்வ நிரலாளர்கள் செய்துவைத்திருந்த வேலையையும் பயன்படுத்திக்கொண்டு, 2018-இல் ஆண்ட்ராய்டு 7-ஐயும் 2021-இல் ஆண்ட்ராய்டு 9-ஐயும், அதன்பின் 10-ஐயும் அதே போனுக்குக் கொண்டுவந்து, 2023 மார்ச் வரை ஆதரவு தந்தது. அதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல; ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு வெளியாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆன பிறகே அவர்களால் கொடுக்க முடிந்தது. ஆகவே, ‘போனால் தாங்க முடியாது’ என்ற விளக்கத்தை நான் எப்போதும் அப்படியே ஏற்பதில்லை. ரேம் போதாமை போன்ற உண்மையான தடைகள் சில போன்களுக்கு உண்டுதான். ஆனால் பெரும்பாலான நேரங்களில் இது செலவுக்கணக்குப் பார்த்து எடுக்கப்படும் வணிக முடிவு. உங்கள் கேள்வியில் உள்ள ‘வேண்டுமென்றே’ என்ற சொல் அந்த அளவுக்குப் பொருந்தும்.

சிப்பையும் இயங்குதளத்தையும் தானே வடிவமைப்பதால் ஆப்பிளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த ஐபோன் 5எஸ், ஐஓஎஸ் 12 வரை சென்றது. 2019-இல் ஐஓஎஸ் 13 வந்தபோது 1 ஜிபி ரேம் உள்ள ஐபோன்கள் எல்லாம் விடுபட்டன. ஆயினும் 2023 ஜனவரியில்கூட 5எஸ்-க்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. புதிய பதிப்பு நின்றுபோவதும் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோவதும் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து அறியலாம். நாம் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குச் சென்று ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டுப் பாருங்கள். அங்கோ, ‘பாதுகாப்பு’ என்ற பகுதியிலோ இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று பாதுகாப்பு அப்டேட்டின் தேதி. வழக்கமாக அது மாதத்தின் 1 அல்லது 5 என்று முடியும். 5 என்றால் கெர்னல், சிப் டிரைவர்கள் ஆகியவற்றின் திருத்தங்களும் அதில் அடங்கும். மற்றொன்று கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்டின் தேதி. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் தொடங்கிய இந்த ஏற்பாட்டின்படி, இயங்குதளத்தின் சில பகுதிகளைக் கூகுள் நேரடியாகவே புதுப்பிக்கிறது. ஆகவே இந்தத் தேதி அண்மையதாக இருக்கலாம்; அதைப் பார்த்து, போன் முழுதும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். கெர்னலிலும் மோடத்திலும் உள்ள ஓட்டைகளை அது அடைக்காது. உங்கள் போனில் அவை 2024 ஜூனில் இருந்த நிலையிலேயே நிற்கின்றன. அதன் பிறகு கண்டறியப்பட்ட ஓட்டைகளின் விவரம் மாதந்தோறும் பொதுவெளியில் வெளியாகிறது, தாக்க நினைப்பவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

செயலிகள் உடனே நின்றுவிடும் என்ற அச்சம் வேண்டாம். 2025 ஜனவரி நிலவரப்படி வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 5 இருந்தாலே ஓடியது. 13 உள்ள போனுக்கு இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உண்டு. ஆனால் செயலி திறக்கிறது என்பதால் மட்டும் போன் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. பெரிய தொகை இருக்கும் கணக்கின் வங்கிச் செயலியை இந்தப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. உடனே வேறு போன் வாங்க இயலாவிட்டால், சிறு தொகை மட்டும் வைத்திருக்கும் தனிக் கணக்கை யுபிஐயுடன் இணைத்து, அன்றாட வரம்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து, குறிப்பாக வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்பு எதையும் நிறுவாதீர்கள். வேலை இல்லாத நேரத்தில் புளூடூத்தை அணைத்து வையுங்கள்.

லினேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றலாமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உங்கள் மாடலுக்கு அது கிடைத்தால் போனின் ஆயுள் நீளும் என்பது உண்மை. ஆனால் அதற்கு, போனைத் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த போனில் பல வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. படிப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் மட்டும் போனை ஒதுக்குவதாக இருந்தால் அது நல்ல வழி; வங்கி வேலைக்கு ஏற்றதல்ல.

அடுத்த போன் வாங்கும்போது எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்பதைக் கேமராவுக்கு முன்பே பாருங்கள். 2023-இல் பிக்சல் 8-க்கும், 2024 தொடக்கத்தில் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு என அறிவித்தார்கள். குறைந்த விலைப் போன்கள் பலவற்றுக்கு இன்னும் அதில் பாதிகூட இல்லை. அந்தக் காலம் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. எனவே இரண்டு ஆண்டுக்கு முந்தைய மாடல் தள்ளுபடியில் கிடைத்தால், போன இரண்டு ஆண்டுகளைக் கழித்து, மிஞ்சும் ஆண்டுகளால் விலையை வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.