ஆங்கிலம் விளங்குது, வாயில்தான் வருதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு சி எடுத்தேன். நோயாளிகள் ஆங்கிலத்தில் கதைத்தால் முக்கால்வாசி விளங்கும், பதில்தான் வராது. சொற்பொருள் புத்தகம் ஒன்று வாங்கி ஒரு நாளைக்கு இருபது சொல் பாடமாக்குகிறேன், அடுத்த கிழமை பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை. எத்தனை சொல் தெரிந்தால் போதும்? ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகவா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் இருப்பவை ஏறக்குறைய 2,000 சொற்கள்தான். சாதாரணமாக எழுதப்படும் ஆங்கிலத்தில் ஐந்து சொல்லுக்கு நான்கு அந்தப் பட்டியலுக்குள்ளேயே கிடைத்துவிடும். அதில் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடத்திலேயே நீங்கள் கண்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் முக்கால்வாசி எப்படி விளங்கும்? ஆக, எத்தனை சொல் என்ற கேள்வியே உங்களுக்கு வேண்டாம். ஒருவர் சொல்லும்போது பிடித்துக்கொள்வது ஒரு பழக்கம், நாமே தேடி எடுத்து வாய் திறப்பது இன்னொரு பழக்கம். பள்ளிக்கூடம் உங்களுக்குப் பழக்கியது முதலாவதை, ரிசெப்ஷன் கேட்பது இரண்டாவதை.

மறந்துபோவதற்கு உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள், அந்தப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமே அப்படி. பழங்களெல்லாம் ஒரு பக்கம், உடலுறுப்புகளெல்லாம் ஒரு பக்கம், எதிர்ச்சொற்கள் சோடி சோடியாக இன்னொரு பக்கம். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் கிட்டத்தட்ட ஒரே இனமான புதுச் சொற்களை ஒரே நேரத்தில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பிப் படிப்பதே கடினமாகிறது என்று 1990களிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். பொரோவும் (கடன் வாங்குவது) லெண்டும் (கடன் கொடுப்பது) எத்தனை பேருக்கு இன்றைக்கும் மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒரே வரியில் படித்ததும் ஒரு காரணம்.

சரி, அப்போ எதைப் படிப்பது? உங்கள் மேசையில் ஒவ்வொரு நாளும் நடப்பதை. ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொண்டு, ஒரு கிழமைக்கு, நீங்கள் திக்கி நின்ற ஒவ்வொரு இடத்தையும் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: டொக்டர் வரப் பிந்துது, ஆள் கோபப்படுறார், பெயர் சரியாகக் கேட்கவில்லை, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, போனில் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும். கிழமை முடிவில் பார்த்தால் திரும்பத் திரும்ப வருவது கொஞ்ச இடங்கள்தான் என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வசனம் வைத்துக்கொள்ளுங்கள். த டொக்டர் இஸ் ரன்னிங் எ லிட்டில் லேட். சொரி, குட் யூ ஸ்பெல் தட் ஃபோர் மீ? ஐ வில் செக் அண்ட் லெட் யூ நோ. ஜஸ்ட் எ மொமண்ட், ப்ளீஸ். இவற்றைப் பிரித்து இலக்கணம் பார்க்காமல் ஒரே மூச்சில் வரும்வரை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலம் சரளமாகக் கதைப்பவர்களும் ஒவ்வொரு வசனத்தையும் புதிதாகக் கட்டுவதில்லை, பாதிக்கு மேல் ஏற்கனவே கட்டிவைத்த துண்டுகள்தான். குட் யூ என்பதற்குப் பின்னால் சைன் ஹியர், ஃபில் திஸ் ஃபோம், கம் பெக் ஒன் மண்டே என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு துண்டே பத்து வேலை செய்யும்.

இந்தக் குட் யூவையும், அதே மாதிரியான வுட் யூ மைண்டையும் நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் இருங்கோ, வாங்கோ என்றால் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது, அதனால் நாம் நல்ல மனதோடு வெயிட் ஹியர் என்று சொன்னாலும் கேட்பவருக்கு அதிகாரமாகத்தான் படும். பின்னால் ஒரு ப்ளீஸ் ஒட்டினாலும் முழுதாகத் தணியாது. வுட் யூ மைண்ட் வெயிட்டிங் எ ஃபியூ மினிட்ஸ் என்று கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். அவர் நோ, நொட் அட் ஓல் என்று சொன்னால் பதறாதீர்கள், ஆட்சேபம் இல்லை, இருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி இருக்கிறது, ரிசெப்ஷன் வேலையில் நிறையப் பேர் விழுவது இதில்தான். ஒருவர் வந்து, இஸன்ட் த டொக்டர் இன் டுடே என்று கேட்கிறார். நாம் தமிழில் யோசித்து, ஓம், இன்றைக்கு இல்லை என்ற நினைப்பில் யெஸ் என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கு அது டொக்டர் இருக்கிறார் என்று கேட்கும், போய்க் கதிரையில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு வந்து உங்களிடம் சத்தம் போடுவார். தமிழில் நாம் கேட்டவரின் பேச்சுக்கு ஓம் போடுகிறோம், ஆங்கிலத்தில் நடப்பு எதுவோ அதற்குத்தான் யெஸ்ஸோ நோவோ. டொக்டர் இல்லையென்றால், கேள்வி எப்படி வந்தாலும் நோ. இதை அந்தக் கணத்தில் யோசித்துச் செய்வது கஷ்டம், அதனால் ஒரு சுருக்கு வழி: யெஸ், நோவோடு நிறுத்தாமல் முழு வசனமும் சொல்லுங்கள். நோ, ஹி இஸன்ட், ஹி வில் பி ஹியர் டுமொரோ. நாக்கு தடுமாறி முதல் சொல் பிழைத்தாலும் மிச்சம் காப்பாற்றிவிடும்.

இலக்கங்களும் அப்படித்தான். தேர்ட்டீனும் தேர்ட்டியும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் கூட்டமான ஹோலில் ஒன்றுபோலவே கேட்கும், பதின்மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டால் முப்பதாம் நம்பர்காரர் எழுந்து வருவார். டீன் என்பதை நீட்டி அழுத்துங்கள், சந்தேகமென்றால் வன் த்ரீ என்று பிரித்தே சொல்லுங்கள். அப்புறம், டொக்டரைச் சனல் பண்ணுவது என்பது இலங்கைக்குள் எல்லோருக்கும் விளங்கும், வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு விளங்காது. அவரிடம் அப்பொயின்ட்மன்ட் என்று சொல்லுங்கள். மற்றவர்களோடு சனலே இருக்கட்டும், அது எங்கள் ஊர் ஆங்கிலம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படித்தது நிற்க வேண்டுமென்றால் இருபதை ஐந்தாகக் குறையுங்கள். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே கழன்றுவிடுகிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தன்னை வைத்தே சோதித்து எழுதியிருக்கிறார், மருந்து அந்த இடைவெளியில் திரும்பப் பார்ப்பதுதான். அட்டையின் ஒரு பக்கம் தமிழில் சந்தர்ப்பம், மறுபக்கம் ஆங்கில வசனம். சரியாக வந்த அட்டையை மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு கிழமை கழித்துப் பாருங்கள், பிழைத்தது நாளைக்கே திரும்ப வரவேண்டும். அட்டை வெட்டப் பஞ்சியென்றால் ஆண்ட்ராய்டு போனில் அன்கி என்ற அட்டைச் செயலி இலவசம், நாள் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டே ஐந்து அட்டை பார்த்துவிடலாம். ஆனால் வீட்டுக்குப் போய் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் வாசிப்பதைப் பழக்கம் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

வகுப்பைப் பற்றி: பிழையில்லை, ஆனால் சேருமுன் ஒரு நாள் போய்ப் பின்னால் இருந்து பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் மாணவர்கள் எவ்வளவு நேரம் கதைக்கிறார்கள்? ஆசிரியர் பலகையில் டென்ஸ் எழுதிக்கொண்டே இருந்தால் அது நீங்கள் ஏற்கனவே சி எடுத்த பாடம்தான், காசு மிச்சம் என்று வந்துவிடுங்கள். கொள்ளுப்பிட்டி அல்ஃபிரட் ஹவுஸ் கார்டன்ஸில் இருக்கும் பிரிட்டிஷ் கவுன்சிலிலும் வகுப்புகள் உண்டு, கட்டணத்தை முதலில் விசாரியுங்கள். காது பழக பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் சிக்ஸ் மினிட் இங்கிலிஷ் இலவசம். கேட்டு முடித்ததும் அதில் ஒரு வசனத்தை அவர்கள் சொன்ன அதே ராகத்தில் சொல்லிப் பாருங்கள். முதல் கிழமைக் கொப்பியில் ஆங்கிலம் அகப்படாத இடம் எதுவும் இருந்தால் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், வசனம் போட்டுத் தருகிறேன்.