கேள்வி–பதில்: தானியங்கிச் சுக்கானின் எண்களைப் பத்திரப்படுத்துவது

கேள்வி: 11 மீட்டர் பாய்ப்படகு வைத்திருக்கிறோம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பெட்டியில் ஓப்பன்பிளாட்டரும் (படகு வழிகாட்டும் மென்பொருள்) பைபைலட்டும் (சுக்கானைத் தானே பிடிக்கும் நிரல்) ஓடுகின்றன. நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவோம். சென்ற முறை எஸ்டி கார்டு கெட்டு, எல்லா அளவுகளையும் முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று. எதை நகல் எடுத்து வைக்க வேண்டும்?
– வாசகர், க்ராண்ட் பே, மொரிஷியஸ்

பதில்: ஒரே ஒரு கோப்புதான். பயனரின் ஹோம் ஃபோல்டரில், புள்ளியோடு தொடங்கும் பைபைலட் என்ற ஃபோல்டர் இருக்கிறது. புள்ளி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கோப்புச் சாளரத்தில் கண்ட்ரோலோடு ஹெச் விசையை அழுத்தினால் வெளியே வரும். அதற்குள் பைபைலட் டாட் கான்ஃப் என்ற கோப்பு. சாதாரண எழுத்துக் கோப்பு, வரிக்கு ஒரு அளவு. சுக்கானை ஆட்டும் பி, ஐ, டி எண்கள் (திசை பிசகும்போது எவ்வளவு திருப்புவது என்பவை, கெயின் என்றும் சொல்வார்கள்), மோட்டாரின் உச்ச மின்னோட்டம், சுக்கான் உணரியின் நடுப்புள்ளி, திசைகாட்டியின் அளவீடு (காலிபரேஷன்) எல்லாம் அதில்தான்.

நகல் எடுக்குமுன் பைலட் சேவையை நிறுத்துங்கள். ஓடும் நிரல் தன் நினைவில் உள்ளதை அவ்வப்போது அதே கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும். நிறுத்தியபின் கோப்பை யுஎஸ்பி குச்சியில் போட்டு, பெயரில் தேதியையும் நிரலின் பதிப்பு எண்ணையும் சேருங்கள். ஒரு தாளில் அச்சிட்டுச் சார்ட் மேசையில் வைப்பதும் நல்லது. தாளைப் படிக்க மின்சாரம் வேண்டாம்.

முழுக் கார்டையும் நகலெடுப்பது இதற்கு மேல் ஒரு காப்பு. ராஸ்பெரி பையோடு வரும் எஸ்டி கார்டு காப்பியர் போதும். முழுக் கார்டைப் பிம்பமாக, அதாவது ஒரே கோப்பாக, எடுத்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 32 ஜிபி என்று எழுதிய இரண்டு கார்டுகள் சில மெகாபைட் வித்தியாசப்படும். சின்னதில் பெரியதன் பிம்பம் ஏறாது. புயலுக்கான முதல் நிலை எச்சரிக்கை (கிளாஸ் 1) வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனை. ஆகவே நகல் கார்டைப் போட்டு ஒருமுறை படகை இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் அதை நகல் என்று சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கோப்பைத் திரும்ப வைத்தேன். படகு நன்றாக ஓடியது. மறுநாள் இயக்கியபோது எண்கள் பழையபடி மாறியிருந்தன. மீண்டும் வைத்தால் மீண்டும் அதே கதை.
– வாசகர், சாங் பியேர், ரீயூனியன்

பதில்: இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பை மாற்றியிருப்பீர்கள். நிரல் அதன்மேல் தன் எண்களை எழுதிவிட்டது. நிறுத்தி, மாற்றி, பிறகு இயக்குங்கள்.

இரண்டாவது, நிர்வாகி உரிமையோடு நகலெடுத்திருப்பீர்கள். அப்போது கோப்பின் சொந்தக்காரர் ரூட் (கணினியின் நிர்வாகிப் பயனர்) ஆகிவிடும். சாதாரணப் பயனராக ஓடும் பைலட்டால் அதைப் படிக்க முடிந்தாலும் அதில் எழுத முடியாது. கடலில் நீங்கள் திருத்திய எதுவும் நிற்காது. கோப்பின் உரிமையைப் பழைய பயனருக்கே மாற்றுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பெட்டியைக் கழற்றி மாட்டினீர்கள் அல்லவா? எண்களில் இரண்டு சாதி உண்டு. படகுக்கும் மோட்டாருக்கும் உரியவை பெட்டி எங்கே இருந்தாலும் செல்லும். உணரி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு உரியவை அப்படியல்ல. திருகு அரை அங்குலம் நகர்ந்தாலோ, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் வந்தாலோ திசைகாட்டி அளவீடு பொய். அதன் அடையாளம்: வடக்கே போகும்போது சரி, கிழக்கே திரும்பினால் பத்துப் பாகை பிசகு. அப்படியென்றால் அளவீட்டுப் பூட்டை விடுவித்து, அமைதியான நீரில் மெதுவாக வட்டமிடுங்கள். படகு சமமாக மிதக்கும்போது மட்டப் பொத்தானை அழுத்துங்கள்.

பிறகு துறையிலேயே ஒரு சோதனை: வலப்பக்கம் 10 பாகை கேளுங்கள். சுக்கான் இடப்பக்கம் போனால் கம்பிகள் மாறியிருக்கின்றன, அல்லது சர்வோ கெயின் என்ற, மோட்டார் எந்தப் பக்கம் சுழலும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணின் குறி மாறிவிட்டது. இதைச் செய்யாமல் பவளத்திட்டின் வாயைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: மீன்பிடி லாஞ்சில் கடையில் வாங்கிய பைலட். பிளாட்டரில் (கடல் வரைபடத் திரையில்) செட்டிங்ஸை மெமரி கார்டில் சேமித்தேன். பைலட்டும் அதில் அடங்கிவிட்டதா?
– வாசகர், ரிவியேர் நுவார், மொரிஷியஸ்

பதில்: அடங்கியது என்று நம்பாதீர்கள். கார்டில் போவது வழிப்புள்ளிகள், பாதைகள், திரையின் அமைப்புகள். பைலட்டின் அளவுகள் பெரும்பாலும் சுக்கான் மோட்டாரோடு இணைந்த கணினிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெட்டி மாறினாலோ, ஃபாக்டரி ரீசெட் அழுத்தினாலோ போய்விடும்.

கைபேசிதான் வழி. அளவீட்டு மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள்: படகு வகை, மோட்டார் வகை, சுக்கான் எல்லை, ஹார்ட் ஓவர் நேரம், ரெஸ்பான்ஸ், கவுண்டர் ரடர், திசைத் திருத்தம். ஹார்ட் ஓவர் நேரம் என்பது சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும் விநாடிகள். படம் தொலைந்தாலும் ஸ்டாப்வாட்சால் மறுபடி எடுக்கலாம்.

ரேமரைன் நிறுவனத்தின் எவல்யூஷன் வகைப் பைலட்டானால் திசையுணரியின் திருத்தத்தை நகலெடுக்கத் தேவையில்லை, அது தானே கற்கும். 3 முதல் 15 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில், குறைந்தது 270 பாகை ஒரே சீராகத் திருப்புங்கள். காற்று எழுமுன் காலையில் செய்வது நல்லது.

கேள்வி: கிரேக்கத்திலிருந்து வந்த பழைய பாய்ப்படகை வாங்கினேன். முந்தைய உரிமையாளர் பைபைலட் கோப்பை அப்படியே கொடுத்தார். பயன்படுத்தலாமா?
– வாசகர், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கெயின் எண்களையும் மோட்டார் அளவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டி வரியை விடுங்கள். பூமியின் காந்தக்கோடு அங்கே ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கிறது, உங்கள் பக்கம் மேலே தள்ளுகிறது. அந்தச் சரிவும் அளவீட்டில் பதிவாகியிருக்கிறது.

ஹெடிங் ஆஃப்செட் (திசையோடு கூட்டும் திருத்தம்) வரியையும் பாருங்கள். சிலர் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துவரட்டும் என்று காந்த விலகலை (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை) அதில் போட்டுவிடுவார்கள். கிரேக்கத்தில் அது கிழக்கே சில பாகைதான். டர்பனிலோ மேற்கே 20 பாகைக்கு மேல். ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்கி, புதிதாக அளவீடு செய்து, பிறகும் ஒரே அளவு பிழை எல்லாத் திசையிலும் நின்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.