வீட்டுப் பட்டறையில் பைக் கேம் ஷாஃப்ட்: குமரி மாவட்டத்துக் கேள்விகளும் பதில்களும்

தக்கலை: அண்ணா, ஸ்பிளெண்டர் கேமில் லோப் மூக்கு மேல வெல்டிங் வெச்சு ஏத்தி, அரத்தால ராவி எடுத்தா லிஃப்ட் கூடும்னு சொல்றாங்க. செய்யலாமா?

வேண்டாம் தம்பி. கேம் என்பது வால்வைத் திறக்கும் தண்டு, லோப் அதில் உள்ள முட்டை வடிவ மேடு, மூக்கு அந்த மேட்டின் உச்சி. வார்ப்பிரும்பு கேமில் வெல்டிங் சூடு பட்டதும் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு விழும். ஓடும்போது அந்த இடம் பெயர்ந்து எண்ணெயோடு என்ஜினுக்குள் சுற்றும்.

மூக்கைத் தொடாமல் அடிவட்டத்தை, அதாவது லோப்பின் வட்டமான அடிப்பக்கத்தை, குறைப்பதுதான் வழி. உச்சிக்கும் அடிவட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே லிஃப்ட். அடிவட்ட ஆரத்தில் 0.4 மி.மீ. எடுத்தால், அதாவது விட்டத்தில் 0.8 மி.மீ. எடுத்தால், லோப் லிஃப்ட் 0.4 கூடும். கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கைதான் ராக்கர், அதன் விகிதம் 1.2 என்றால் வால்வில் 0.48 வரும். அந்த விகிதத்தை ஊகிக்காதே, கேம் பக்கம் ஒன்று, வால்வு பக்கம் ஒன்று என இரண்டு டயல் கேஜ் (முள் காட்டும் நுண் அளவுக் கருவி) வைத்து அளந்துகொள்.

அடிவட்டத்தை மட்டும் தேய்த்து நிறுத்தக் கூடாது. அது பக்கச் சரிவைச் சேரும் இடத்தில் படி விழும், ராக்கர் அதில் முட்டி ஏறும், டேப்பெட் சத்தம் போகவே போகாது, வால்வு சீட்டும் அடிபடும். ஒரு கேம் டிகிரிக்கு 0.01 முதல் 0.02 மி.மீ. வரை மட்டும் ஏறும் மென்சரிவு ஒன்றை அங்கே புதிதாக உருவாக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது வால்வு திறந்திருக்கும் நேரமும் கொஞ்சம் நீளும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஸ்டீல் கேமில் தோல் மட்டும்தான் கடினம். தேய்த்த பிறகு புது அரத்தை லேசாக இழுத்துப் பார். வழுக்கினால் கடினம் இருக்கிறது. பிடித்தால் தோல் போய்விட்டது, அந்தக் கேமை மாட்டாதே.

மார்த்தாண்டம்: குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏற்றத்தில் இரண்டு பேர் ஏறினால் வண்டி திணறுது. லிஃப்ட் அதிகமான கேம் போட்டா இழுவை வருமா அண்ணா?

ஏற்றத்தில் இழுவையைத் தீர்மானிப்பது லிஃப்ட் இல்லை, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடும் இடம். பிஸ்டன் முழுவதும் இறங்கி நிற்கும் அடிப்புள்ளி தாண்டி மேலே வரும்போதும் வால்வு திறந்திருந்தால், குறைந்த ஆர்.பி.எம்.மில் உள்ளே வந்த காற்று திரும்ப கார்புரேட்டருக்கே போகும். அடிப்புள்ளிக்குப் பின் 60 டிகிரியில் மூடும் கேம் மேல் வேகத்துக்கு நல்லது. உங்கள் ஏற்றத்துக்கு 40 டிகிரி பக்கம் மூடுவதுதான் பொருந்தும். ரேஸ் கேம் போட்டால் இருக்கிற இழுவையும் போகும்.

புதுக் கேம் செய்யும் முன் இருப்பதையே கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள். 28 பல் கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் மாற்றினால் கிராங்கில் 25.7 டிகிரி நகர்ந்துவிடும், வால்வு பிஸ்டனில் அடிக்கலாம். அதனால் போல்ட் ஓட்டையை நீட்டுங்கள். கிராங்கில் 4 டிகிரி என்பது கேமில் 2. போல்ட் மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால் நகர்த்த வேண்டியது 0.52 மி.மீ.தான். கிராங்கில் மாட்டும் டிகிரி தட்டு (கோண அளவுத் தட்டு) வைத்துச் சரிபார்த்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள்.

உச்சப்புள்ளியைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் மட்டும் போதாது, அங்கே பிஸ்டன் சில டிகிரி அசையாத மாதிரியே நிற்கும். பிளக் ஓட்டையில் ஒரு தடுப்பு போல்ட் மாட்டி, கிராங்கை இரு பக்கமும் முட்டும்வரை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். இரண்டு அளவுக்கும் நடுவே உச்சப்புள்ளி.

கோணம் பாலிடெக்னிக் மாணவர்: சார், பழைய இரும்பு என்ஜின் புல்லட் கேமை 1 டிகிரி இடைவெளியில் 0.01 மி.மீ. டயல் கேஜில் அளந்து, அதே அட்டவணையை டிவைடிங் ஹெட்டில் வெட்டினோம். லோப் அலை அலையா வருது. எங்க தப்பு?

வெட்டியதில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. மூக்குப் பக்கம் அடுத்தடுத்த இரண்டு படிகளின் வித்தியாசம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.003 மி.மீ.தான் மாறும். உங்கள் கேஜ் காட்டும் மிகச் சிறிய அளவே 0.01. ஆக நீங்கள் வெட்டியது கேஜின் தடுமாற்றத்தையும் சேர்த்துத்தான்.

அளந்த புள்ளிகளின் நடுவே மென்மையான ஒரு வளைவைக் கணினியில் பொருத்தி, லிஃப்டை நான்கு தசமம் வரை எடுங்கள். பிறகு எக்செலில் வித்தியாசத்தையும், வித்தியாசத்தின் வித்தியாசத்தையும் வரைபடமாகப் போடுங்கள். இரண்டாவது கோடு பல் பல்லாக இருந்தால் வெட்டப் போகாதீர்கள். வால்வு ஸ்பிரிங்கைத் தோற்கடிப்பது அந்தப் பற்கள்தான்.

கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் துண்டு ஒரு சுற்று திரும்பும் 40:1 டிவைடிங் ஹெட்டில் 27 ஓட்டை வட்டத்தில் 3 இடைவெளி நகர்த்தினால் சரியாக 1 டிகிரி. கேம் மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் புல்லட் டேப்பெட்டின் அடி தட்டையானது என்பதால் கணக்கு சுலபம். வெட்டும் கட்டரான எண்ட் மில்லின் அடிமுகம் தண்டு மையத்திலிருந்து நிற்க வேண்டிய உயரம், அடிவட்ட ஆரமும் லிஃப்டும் சேர்ந்தது. ஆரம் 14, லிஃப்ட் 3.2 என்றால் 17.2 மி.மீ. ஸ்பிளெண்டர் மாதிரி வளைந்த பேட் உள்ள ராக்கருக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. பேட்டின் ஆரமும் ராக்கர் சுழலும் வில்லும் உள்ளே வரும்.

தொடும் புள்ளி நடுவில் நிற்காது என்பதைக் கவனியுங்கள். லிஃப்ட் ஏறும் வேகம் ரேடியனுக்கு 10 மி.மீ. என்றால் அது மையத்திலிருந்து 10 மி.மீ. விலகும். டேப்பெட் விட்டம் 20க்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் கேமைச் சுரண்டும். கட்டரும் அப்படித்தான், 25 மி.மீ. எடுங்கள். அது லோப்பைத் தாண்டி முழுவதும் வெளியேற, கியர் பக்கம் இடம் விட்டு பிளாங்க் (லோப் வெட்டும் முன்பான துண்டு) செய்யுங்கள்.

1 டிகிரி படியில் வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் மேடுகள் மிகச் சிறியவை: வளைவு ஆரம் 60 மி.மீ. உள்ள பக்கச் சரிவில் சுமார் 0.002 மி.மீ. படியை 2 டிகிரி ஆக்கினால் நான்கு மடங்காகும். 0.03 மி.மீ. மிச்சம் விட்டு, பல மேடுகளை ஒருசேரத் தொடும் நீளமான எண்ணெய்க்கல்லால் தேய்த்து, 600, 1000 எமரியில் முடியுங்கள். விரலால் எமரி பிடித்துத் தேய்த்தால் பள்ளமும் சேர்ந்து தேயும், அலை அப்படியே இருக்கும்.

அதே மாணவர்: எந்த ஸ்டீல் சார்? கேஸ் டார்ச்சில் காய்ச்சி எண்ணெயில் முக்கினா போதுமா?

போதாது. டார்ச்சில் மூக்கு ஒரு நிறம், அடி ஒரு நிறம் ஆகும், கடினமும் அப்படியே ஏறுக்குமாறாக வரும். ஈ.என். 36 எடுத்தால் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் கார்பரைஸ் செய்து (மேல்தோலில் கார்பன் ஏற்றி), ஒரு மி.மீ. அளவு தோல் வைத்து, கடினத்தை ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கொண்டுவர வேண்டும். அதில் தண்டு வளையும், பிறகு கிரைண்டிங் கட்டாயம். வீட்டில் கிரைண்டிங் வசதி இல்லாதவர்களுக்கு ஈ.என். 40பி நல்ல தேர்வு. அளவுக்கே முடித்து, 500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நைட்ரைடிங் (தோலில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவது) கொடுத்தால் வளைவு மிகக் குறைவு. தோல் 0.3 முதல் 0.5 மி.மீ.தான், அதன் பிறகு லேசாக மெருகேற்றலாம், தேய்க்கக் கூடாது. இதற்கு கோயம்புத்தூருக்கு அனுப்பினாலும் தப்பில்லை.

குளச்சல்: மெருகேற்றி வெச்ச கேமில் சீக்கிரமே புள்ளி புள்ளியா துரு.

உப்புக் காற்றும் கை வியர்வையும். கழுவி உலர்த்தியதும் எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். லோப் முகத்தில் துருப்புள்ளி குழியாகிவிட்டால் அங்கிருந்தே தோல் உரியத் தொடங்கும். குழி தெரிந்தால் மாட்ட வேண்டாம்.

ஆரல்வாய்மொழி: ஆர்எக்ஸ் 100க்கு கேம் செய்ய முடியுமா அண்ணா?

அது டூ ஸ்ட்ரோக் தம்பி, கேமே கிடையாது. சிலிண்டரில் உள்ள போர்ட்டின் உயரமும் அகலமும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

நாகர்கோவில்: புதுக் கேம் ரெடி. ஸ்டார்ட் பண்ணும் முன்னால என்னெல்லாம் பாக்கணும்?

பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, டேப்பெட் இடைவெளி சரிசெய்து, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றுங்கள். கழற்றி, களிமண்ணை நடுவே வெட்டி, மெலிந்த இடத்தை அளங்கள். இன்டேக்கில் 1.5, எக்ஸாஸ்டில் 2 மி.மீ. இருந்தால் நிம்மதி. எக்ஸாஸ்ட் அதிகம் சூடேறி நீளும், அதோடு ஸ்பிரிங் தளர்ந்தால் பிஸ்டன் துரத்திப் பிடிப்பதும் அதைத்தான்.

முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டக் கூடாது, மொத்தமாக ஒரு மி.மீ. மிச்சம் வேண்டும். ஸ்பிரிங் மேல்தட்டுக்கும் வால்வு கைட் சீலுக்கும் நடுவே அதே அளவு.

லோப்பிலும் டேப்பெட் முகத்திலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள், அந்த வேகத்தில் லோப்புக்குத் தெறிக்கும் எண்ணெய் குறைவு. எதிரே பெரிய மின்விசிறி வைத்து 2000 ஆர்.பி.எம். பக்கம் சில நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, திரும்ப ஓட்டுங்கள். பிறகு டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி கூடியிருந்தால் லோப் தேய்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணெயை வடித்து, வடிகட்டியில் மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டும்.