பாட்டைத் திறந்துவிடலாமா?

கேள்வி: கூட்டாளிமார் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்திருக்கிறோம். மென்பொருள் வேலை செய்யும் அண்ணா, "லினக்ஸ் மென்பொருள் மாதிரி, யாரும் எடுத்து மாற்றும்படி எல்லாருக்கும் திறந்துவிடு" என்கிறார். பாடிய தங்கச்சிக்கு விருப்பமில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: அண்ணா சொல்வது பாதி சரி. மென்பொருளைத் திறந்துவிட்டால் யாராவது பிழை திருத்துவார்கள், எழுதியவருக்கும் லாபம். பாடிய குரலை முகம் தெரியாத ஒருவர் விளம்பரத்தில் ஒட்டினால் தங்கச்சிக்கு என்ன லாபம்? வாத்தியத் தடங்களைத் திறந்துவிடுங்கள், குரலை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் கருத்து.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கிய உடனேயே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை. வரி எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர், அட்டைப்படம் வரைந்தவர் எல்லாருக்கும் தனித்தனி உரிமை உண்டு. எதைத் திறக்கிறீர்களோ அதில் பங்குள்ளவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கிய லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த இசைத்துண்டு) இருந்தால் அந்தத் தடத்தை எடுத்துவிடுங்கள். விற்றவர்கள் லூப்பைப் பாட்டில் சேர்க்க விடுவார்கள், தனியாகப் பகிர அநேகமாக விடமாட்டார்கள்.

லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் மென்பொருளுக்கானது. பாட்டுக்கு, படைப்புகளைப் பகிர்வதற்கான ஆயத்த உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0இல் ஒன்றை எடுங்கள். அண்ணாவின் எண்ணத்துக்குக் கிட்டத்தில் வருவது பிஒய்-எஸ்ஏ (BY-SA): பெயர் போட்டு மாற்றலாம், விற்கலாம், மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். வியாபாரத்தைத் தடுக்கும் என்சி (NC) சேர்த்தால், விக்கிப்பீடியாவின் படம், ஒலிக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் ஏற்காது. பலர் தவறுவது, மாற்றியதை வெளியிடுவதைத் தடுக்கும் என்டியில்தான் (ND). 'மாற்றாமல் பயன்படுத்தட்டும்' என்று நினைத்துப் போடுவார்கள். ஆனால் பாட்டைக் காட்சியோடு பொருத்துவதே அந்த உரிமத்தில் மாற்றமாகக் கணக்காகும். குறும்படம் எடுக்கிற பிள்ளைகள்கூட உங்களைக் கேட்காமல் தொட முடியாது.

ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆதலால் ஒரு பாட்டில் தொடங்குங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் மூலக்கோப்பைக் கேட்பதில்லை, நீங்களாகவே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வாத்தியமும் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக, எல்லாம் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியில் தொடங்கட்டும். இல்லாவிட்டால் எடுப்பவர் மிருதங்கத்தையும் புல்லாங்குழலையும் கையால் பொருத்தி அலுத்துவிடுவார். நான்கு நிமிட ஸ்டீரியோத் தடம் 70 எம்பி அளவில் வரும். வேகத்தையும் சுருதியையும் கோப்புப் பெயரில் எழுதி, உரிமத்தை ஒரு உரைக் கோப்பாக உள்ளே வையுங்கள்.

யூடியூபுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் 'கன்டென்ட் ஐடி' கட்டத்தில் அடையாளம் போடாதீர்கள். ஒரே ஒலி வேறு வீடியோக்களில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் முறை அது; உங்களுக்கு மட்டுமே உரிமை உள்ள ஒலிக்குத்தான் பொருந்தும். போட்டால் உங்கள் தடத்தை நேர்மையாக எடுத்துப் பாடியவர்களின் வீடியோக்கள்மேல் உங்கள் பெயரிலேயே உரிமைக் கோரல் போகும்.